முக்காட்டுக்குள் பதிவானது

எனக்கு வந்த நோயின் பெயர் வலிப்பு. வலிப்பு என்றால் கீழே விழுந்து, கைகால் அடித்து, வாயில் நுரை தள்ளுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அறிவு தெரிந்த நாளிலிருந்து எனக்கு அப்படி வந்ததில்லை. நின்றால் நின்றபடியே நின்றேன், இருந்தால் இருந்தபடியே இருந்தேன். கண்ணும் திறந்துதான் இருந்ததாம். அந்த நேரத்தில் நான் மட்டும் அங்கே இல்லை. இப்படி ஒன்று தங்களுக்கும் வருகிறது என்று வெளியில் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் சாதாரணதரப் பரீட்சை வரை படித்தவள். நாலு பேருக்கு முன்னால் கதைக்க எனக்கு வராது. எழுதுவது கொஞ்சம் லேசாக இருக்கிறது.

எங்கள் வீடு கல்முனைக்குப் பக்கத்தில், சாய்ந்தமருதுக் கடற்கரையை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது. பிள்ளைகள் இல்லை. நானும் என் வீட்டுக்காரரும்தான். அவருக்கு மீன் வியாபாரம். விடியுமுன் ஒலுவில் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, கடலை விட்டு உட்புறமாக வரிப்பத்தான்சேனை வரைக்கும் கூவி விற்றுவிட்டு மத்தியானம் வருவார். வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கமாட்டார். உள்ள கதை முழுவதும் மீனோடு விற்றுத் தீர்ந்துவிடும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். நானும் கூச்சக்காரி. கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் ஆகக் கூடுதலாகச் சத்தம் போட்டது கூரைக்கு மேல் விழுந்த தேங்காய்தான்.

ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, மீன் ஆணம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ றப்பர் எரிவதுபோல ஒரு மணம் வந்தது. வயிற்றுக்குள் ஏதோ உருண்டு நெஞ்சுக்கு ஏறியது. இதே ஆணம், இதே வெயில், இதெல்லாம் ஏற்கனவே ஒருதரம் நடந்தது என்று தோன்றியது. அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது, அவர் என் வலது கையைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பிடித்திருந்தது. கை நெருப்பாய் எரிந்தது.

“என்ன நடந்த?” என்றேன்.

“ஒண்டுமில்ல. சட்டி சுட்டுட்டு.”

சட்டி எப்படிச் சுட்டது என்று அவர் சொல்லவில்லை. என் விரல்கள் சட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு கிடந்ததை மிகவும் பிந்தித்தான் அறிந்தேன்.

ஆஸ்பத்திரியில் சூட்டுக்காயத்துக்கு மருந்து கட்டி என்னை வாட்டில் வைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டிலில் தம்பிலுவிலைச் சேர்ந்த ஒரு அக்கா இருந்தா. சீனி வருத்தத்தால் காலில் ஆறாத புண். என் வலது கையில் கட்டு என்பதால் சோற்றுப் பார்சலைப் பிரித்து, மீனில் முள் எடுத்து, “ஹலால் கடைச் சோறுதான் தங்கச்சி, பயப்புடாமத் தின்” என்று ஊட்டிவிட்டவ அவதான். மறுத்துச் சொல்லவும் எனக்கு வெட்கம், வாயைத் திறக்கவும் வெட்கம். பசி இரண்டையும் வென்றது.

மூன்று நேரமும் ஊட்டியவ ஒரு பின்னேரம் என்னை உற்றுப் பார்த்துக் கேட்டா: “தங்கச்சி, நீ இப்ப எங்க போயிற்று வந்தாய்?”

“எங்கயும் போகல்லயே அக்கா.”

“கண்ணத் திறந்துகொண்டுதான் இருந்தாய். நான் கூப்பிட்டன், கேக்கல்ல. வாயச் சப்பிச் சப்பிக்கொண்டு இருந்தாய். பிறகு என்னப் பாத்து ஆரெண்டு கேட்டாய்.”

வீட்டில் சில பின்னேரங்களில் பாயில் படுத்திருப்பேன். எப்போது படுத்தேன் என்று தெரியாது. பக்கத்தில் அவர் இருப்பார். கேட்டால், “ஒண்டுமில்ல, தலை சுத்தினது” என்பார். அந்த ‘ஒண்டுமில்ல’வுக்குள் எவ்வளவு கிடந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் டொக்டர் வந்தபோது நான் வாய் திறக்குமுன் அந்த அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டா. இருதயத்தின் ஓட்டத்தைக் கடதாசியில் கோடாக எடுத்தார்கள். தலையை ஒரு வளையத்துக்குள் விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டிலும் பிழை இல்லை. மூளை நரம்பு டொக்டரின் கிளினிக்குக்குத் துண்டுக் கடிதம் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிழை இல்லை என்றதும் எனக்குப் பயம் இரண்டு மடங்காகியது. உம்மாவின் மூத்த சகோதரி, என் பெரியும்மா, சித்தம் பிசகி வீட்டின் பின்னறையில் அடைக்கப்பட்டிருந்தவ. கதவுக்கு வெளியில் கொண்டி. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அந்தக் கதவைத் தாண்டி ஓடுவோம். தலையில் வருத்தமில்லை, ஆனால் புத்தி எங்கோ போய்வருகிறது என்றால் அது பெரியும்மாவின் வழிதான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

அவருடைய ராத்தா, அதாவது மூத்த சகோதரி, என் மதினி. அவ வந்து கையைப் பார்த்தா, முகத்தைப் பார்த்தா. “இது ஆஸ்பத்திரிக்கு அடங்கிற சாமான் இல்லகா. பொழுது படுற மஃரிபு நேரத்தில வாறதெண்டா அது வேற. ஓதிக் கட்டுற ஆள் ஒருத்தர் இரிக்கார், கூட்டிட்டுப் போவம்” என்றா. அவ கெட்டவ இல்லை. அந்த வாரம் முழுக்க எங்களுக்குச் சோறு அவ வீட்டிலிருந்துதான் வந்தது. ஏனென்றால் என்னை அடுப்படியில் விடுவதில்லை என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள். குசினிக் கதவுக்கு வெளியில் அவர் ஒரு கொண்டி பூட்டினார். அதைப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கிளினிக்கில் வாங்குகள் நிறைந்து, சுவரோடும் ஆட்கள் சாய்ந்து நின்றார்கள். தலையில் தையல் போட்டவர்கள், வாய் கோணியவர்கள், தகப்பனைச் சக்கரக் கதிரையில் தள்ளிவந்த பெண்கள். என்னைப் பார்த்தால் வெளியில் ஒரு வருத்தமும் தெரியாது. அங்கே இருக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

டொக்டர் சிங்களவர், நடுத்தர வயது. கொஞ்சம் தமிழ் கதைப்பார். மிச்சத்தை எங்கள் ஊர் நர்ஸ் மிஸ் சொல்லிக் கொடுப்பா. நான் மணத்தைச் சொன்னேன், வயிற்றில் ஏறுவதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அதுக்குப் பிறகு?” என்றார்.

“தெரியாது சேர்.”

“யார் பார்த்தது?”

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். “ஒண்டுமில்ல சேர். கொஞ்ச நேரம் பேசாம இரிப்பா. மறுகா சரி.”

டொக்டர் பேனையை வைத்தார். மிஸ் விளங்கப்படுத்தினா: இந்த வருத்தத்துக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியாது. அது வரும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் பெரிய ரிப்போட். மயக்கமா, மனக்கவலையா, வலிப்பா என்று அதிலிருந்துதான் பிரிக்கலாம். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அவர் முயற்சி செய்தார், இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்கு வரும்போது அவருக்கு இரண்டு கையும் தேவை. மீன் கை, ஈரம், போன் திறக்காது. மூன்று வீடியோ எடுத்தார். ஒன்றில் அவருடைய பெருவிரல், ஒன்றில் மின்விசிறி, மற்றதில் பாயின் ஓரம். மூன்றிலும் நான் இல்லை.

அந்தக் காலத்தில் என் தம்பி றிஸ்வி கட்டாரிலிருந்து லீவில் வந்து எங்களோடு தங்கியிருந்தான். பின்னேரமானால் வீட்டில் நிற்கமாட்டான். கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கமரா. சட்டைப் பொத்தானுக்கு நேரே நெஞ்சில் கிடக்கும். கையில் பிடிக்கத் தேவையில்லை, அவன் பார்ப்பதை அதுவும் பார்க்கும். சந்தைக்குப் போனாலும் அதோடுதான். இவரோடு ஒலுவிலுக்குப் போனாலும் அதோடுதான். சோறு தின்னும்போதும் கழற்றமாட்டான். லீவு முடிந்து போகும் பொடியன்மாரில் நிறையப் பேர் இப்போது இப்படித்தானாம். மக்காவுக்கு உம்றாப் பயணம் போனவர்களும் நெஞ்சில் மாட்டிக்கொண்டு சுற்றி எடுத்துவந்து வீட்டில் போட்டுக் காட்டுகிறார்கள்.

எனக்குச் சூடு படுவதற்கு முன் ஒருநாள் அவனோடு சண்டை பிடித்தேன். “டேய், நான் தேங்கா துருவுறத என்னத்துக்கு எடுக்காய்?”

“அங்க போய்ப் பாக்க ராத்தா.”

“தேங்காயயா?”

“சத்தத்த. எங்கட றூமில எட்டுப் பேர். ஒருத்தன் மகள் ஸ்கூலுக்குப் போற பாதையப் பாத்துக்கிட்டே நித்திரையாவான். அவன்ட பொஞ்சாதி இதப்போல ஒண்ட மாட்டிக்கிட்டு நடந்து எடுத்து அனுப்பினது. வரிப்பத்தான்சேனைப் பொடியன் ஒருத்தன் வயலுக்குத் தண்ணி பாயிறதப் பாப்பான். மணித்தியாலக் கணக்கில தண்ணிதான். நாங்க ஆரும் சிரிக்கமாட்டம்.”

அதற்குப் பிறகு நான் தேங்காயைக் கொஞ்சம் மெதுவாகவே துருவினேன்.

போன் வீடியோக்களைப் பார்த்த றிஸ்வி, கழுத்திலிருந்து கமராவைக் கழற்றி என் கழுத்தில் போட்டான். “மச்சான்ட கையில குடுத்தா சரிவராது. இது உன்னோடயே கிடக்கட்டும். கை தெரியும், சத்தம் கேக்கும். அது போதும்.” எனக்கு வருவது பெரும்பாலும் பின்னேரத்தில். ஆகவே அஸர் முதல் மஃரிப் முடியும் வரை போட்டிருக்கவேண்டும். சார்ஜ் இறங்காமல் இருக்க ஒரு பவர் பேங்கை வயரோடு இடுப்பில் செருகிவிட்டான்.

இது எவ்வளவு கரைச்சல் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் தெருவில் பெண்கள் பின்னேரம் வேலியால் வந்து போவார்கள். வீட்டுக்குள் இருப்பதுபோல, தலையில் ஒன்றும் இல்லாமல் வருவார்கள். அந்தப் படத்தை ஒரு ஆண் டொக்டர் பார்க்கப் போகிறார் என்ற செய்தி எனக்கு முன்னால் தெரு முழுக்கப் போய்விட்டது.

“கமராவக் கழட்டிட்டியாகா? வரட்டா?” என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருத்தி கேட்பாள்.

“இல்ல, கிடக்கு.”

“அப்ப நாளைக்கி வாறன். நீ டீவிக்காரியாகிட்டாய்.”

அந்த வாரம் என்னைத் தேடி வந்தது பக்கத்து வீட்டுக் கோழிகள் மட்டும்தான். அவை ஒவ்வொரு பின்னேரமும் வீடியோவில் இருக்கின்றன.

இரவில் றிஸ்வி ஓட்டிப் பார்ப்பான். நானும் எட்டிப் பார்த்தேன். முழுக்க நிலம், என் செருப்பு, வாளி, நிலம். “ராத்தா, இந்த வீட்டுல சுவர் இல்லையா?” என்றான். நான் எவ்வளவு குனிந்து நடக்கிறேன் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வந்தது ஒரு வியாழக்கிழமை. அவர் பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தி வீட்டிலேயே தொழுதுகொண்டிருந்த நாட்கள். முற்றத்துக் குழாயடியில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ செய்துகொண்டிருந்தார். றிஸ்வி பள்ளிக்குப் போயிருந்தான். மஃரிபுத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாங்குச் சத்தம் காதில் விழுந்தால் எங்கள் கை தானாகவே முந்தானையை இழுத்துத் தலையில் போடும். யோசித்துச் செய்வதில்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். இழுத்துப் போட்டேன். முந்தானை நெஞ்சுக்கு மேலால் விழுந்து கமராவையும் சேர்த்து மூடியது. அப்போதுதான் அந்த மணம் வந்தது.

கண் தெளிந்தபோது பாயில் கிடந்தேன். பக்கத்தில் அவர். “ஒண்டுமில்ல” என்றார்.

றிஸ்வி வந்து ஓடிப்போய்க் கமராவை எடுத்தான். படம் முழுக்கக் கறுப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வாரம் தனியாகக் கிடந்து, கடைசியில் என் கையாலேயே மூடிவிட்டேன். அவன், “பொறு ராத்தா, சத்தம் கிடக்கு” என்று காதில் மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனான். திரும்பி வர நேரமெடுத்தது. வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்தான்.

அவருக்கு விளங்கிவிட்டது. “அத அழிச்சிரு” என்றார்.

“மச்சான், டொக்டருக்கு...”

“படம் இல்லயே. என்னத்துக்கு? அழி எண்டா அழி.”

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதேயில்லை. அதனால் எனக்குப் பயம் பிடித்தது. நான் ஏதோ சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் என் வாயில் கூடாத வார்த்தைகள் வருகின்றன. பெரியும்மா அறைக்குள்ளிருந்து கத்திய மாதிரி வார்த்தைகள். அதனால்தான் இத்தனை நாள் ‘ஒண்டுமில்ல’ என்று மூடி வைத்திருக்கிறார். எனக்குப் பைத்தியம்தான்.

“அழிக்க வேணாம்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “என்ன இரிக்கோ அத டொக்டர் கேக்கட்டும். எனக்குத் தெரியணும்.”

“உனக்குத் தெரிஞ்சி என்ன செய்யப் போறாய்?”

“எனக்குத்தானே வருத்தம்.”

அவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கிளினிக் நாள் வரும்வரை இரண்டு பேரும் கதைக்கவில்லை. வழக்கமாகவே கதைப்பதில்லை என்றாலும் இது வேறு மாதிரி.

கிளினிக் அறையில் டொக்டர், மிஸ், டொக்டருக்குப் படிக்கும் இரண்டு பிள்ளைகள், நாங்கள் மூன்று பேர். றிஸ்வி ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பொருத்தினான். நான் மடியில் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பாங்கு கேட்டது. பிறகு துணி உரசும் சத்தம். பிறகு என் குரல்: “அந்தா... அந்தா...” அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாய் சப்பும் சத்தம், விழுங்கும் சத்தம். அதோடு கர கர என்று விடாமல் ஒரு சத்தம். அதற்கு மேல் ஒரு ஆணின் குரல். அதை முதலில் எனக்கு யாரென்று அடையாளம் தெரியவில்லை.

“புள்ள. வந்திட்டா? சரி, சரி. பயப்புடாத. நான் இரிக்கன். மெல்ல இரி. ஆ, அப்பிடித்தான்.”

டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். “இவர் என்ன சொல்றார்? அம்மா பதில் சொல்றாங்களா?”

மிஸ் சிங்களத்தில் சொன்னா. மறுபடி ஓடியது.

“கண்ணத் தொறந்துக்கிட்டு எங்க கிளி போறாய்? எப்பவும் என்ன விட்டுட்டுப் போறாய். எங்க எண்டு சொன்னா நானும் வருவனே.” குர்ஆனிலிருந்து ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கி, நடுவில் பிழைத்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். பிறகு, “இண்டைக்கி ஒலுவில்ல ஒரு பாரை மீன் கிடந்தது, உன்ட உசரம். உன்னக் கொண்டுபோய்க் காட்டணும் எண்டு நெனச்சன். வித்துட்டானுகள்.”

மிஸ் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தா. ‘கிளி’க்கு என்ன சொன்னாவோ தெரியாது. படிக்கும் பிள்ளைகளில் ஒன்று எழுதுவதை நிறுத்திவிட்டது. நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை.

“யோசியாத. உன்ட பெரியும்மாவப் போல உன்ன ஒரு அறைக்குள்ள போட நான் உடமாட்டன். ஆரும் என்னமும் சொல்லட்டும். எங்கட ராத்தா சொல்றா கொண்டுபோய் ஓதிக் கட்டட்டாம். அவட வாயத்தான் முதல்ல கட்டணும்.”

மிஸ் இதைச் சொல்ல வெளிக்கிட்டுச் சிரித்துவிட்டா. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தா. டொக்டரும் சிரித்தார். இவர் எழும்பி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. அழிக்கச் சொன்னது இதற்குத்தான். மதினியின் காதுக்குப் போனால் குடும்பத்துக்குள் சண்டை என்று பயந்திருக்கிறார். நான் கூடாத வார்த்தை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பெரியும்மாவைப் பற்றி நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

டொக்டர் அந்த கர கர சத்தத்தை மறுபடி போடச் சொன்னார். “இது என்ன?”

இவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். இப்போது ‘ஒண்டுமில்ல’ என்று சொல்லவில்லை. தன் சட்டையை வலது கை விரல்களால் பிடித்துப் பிசைந்து காட்டினார். “இப்பிடி சேர். சீலயப் பிடிச்சிப் பிசைவா. இந்தக் கைதான். மற்றக் கை விறைச்சிக்கிட்டு நிக்கும், இப்பிடி.” இடது கையை முறுக்கிக் காட்டினார். தலை எந்தப் பக்கம் திரும்பும், முடிந்த பிறகு எவ்வளவு நேரம் ஆளைத் தெரியாமல் இருப்பேன், எல்லாம் சொன்னார். ஒவ்வொரு தரமும் பக்கத்தில் இருந்து பார்த்த ஆள் அல்லவா.

முந்தானை கமராவுக்கு மேல் கிடந்ததால்தான் விரல்கள் பிசைந்த சத்தம் அவ்வளவு தெளிவாக விழுந்ததாம். டொக்டர் என்னைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “அம்மா, பைத்தியம் இல்லை. மூளையில் கரண்ட் பிழை. ஒரு பக்கத்தில் மட்டும். மருந்து இருக்கு.”

பைத்தியம் இல்லை. இந்த இரண்டு சொல்லைக் கேட்டு நான் எல்லார் முன்னாலும் அழுதேன். கூச்சம் வரவில்லை.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தேன். பாதி வழியில் கேட்டேன்: “பாரை மெய்யாவே என்ட உசரமா?”

“ஓட்டக்குள்ள கதைக்காத” என்றார்.

அதற்குப் பிறகும் இரண்டு பரிசோதனை இருந்தது. முதலாவதில், தலையில் நிறைய வயர்களை ஒட்டி மூளையின் கரண்டைக் கடதாசியில் எடுப்பார்கள். நோகாது. தலைமுடியை யாரோ பார்க்கப் போகிறார்கள் என்ற வெட்கத்தில், முந்தின இரவு நல்லாக எண்ணெய் வைத்து வாரிப் பின்னிக்கொண்டு போனேன். வயர் ஒன்றும் ஒட்டவில்லை. “எண்ணெய் வைக்காம வரச் சொன்னமே உம்மா” என்று அங்கிருந்த பெண்பிள்ளை திரையை இழுத்துவிட்டு, குழாயடியில் இருத்தி, தன் கையாலேயே எனக்குத் தலை முழுக வார்த்தாள். யாருக்காவது இந்தப் பரிசோதனை இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது காந்த ஸ்கேன். அதற்கு மட்டக்களப்புக்குப் போனோம். வான் பிடித்ததும் காசு கட்டியதும் றிஸ்விதான். கேட்டால் பேச்சை மாற்றினான். குழாய் மாதிரி ஒன்றுக்குள் படுக்கவைத்தார்கள். தகரக் கூரையில் கல் எறிவதுபோல நெடுநேரம் சத்தம். இது எதற்கென்றால், கரண்ட் பிழைக்குக் காரணமாக உள்ளே கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க. ‘கட்டி’ என்ற சொல்லை மிஸ் மெதுவாகத்தான் சொன்னா. ஆனாலும் ரிப்போட் வரும்வரை எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் ஒரு ஆள் மாதிரி இருந்தது. மதினி நோன்பு நோற்றா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு வந்து, கமரா கிடந்தாலும் பரவாயில்லை என்று பக்கத்தில் இருந்தார்கள். அதைக் கழற்றி நாளாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

கட்டி இல்லை. மூளையின் வலது பக்கத்தில் ஒரு பழைய தழும்பு. அவர் கை பிசைந்து காட்டியதிலிருந்து டொக்டர் முன்னமே நினைத்த பக்கம்தான். குழந்தையில் கடும் காய்ச்சல் வந்து கைகால் இழுத்ததா என்று கேட்டார். உம்மா உயிரோடு இருக்கும்போது அப்படிச் சொன்னது நினைவு வந்தது. மணமும் வயிற்றில் ஏறுவதும், நான் கலியாணம் முடிக்காத குமர்ப் பிள்ளையாக இருக்கும்போதே எனக்கு எப்போதாவது வரும். ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயம் என்றே தெரியாது. உங்களுக்கு அப்படி இருந்தால் சொல்லுங்கள்.

மருந்துக் குளிசை காலையும் இரவும். நோன்பு காலத்தில் விடியுமுன் சஹருக்கு ஒன்று, மாலையில் நோன்பு திறந்து ஒன்று. முதல் மாதம் நித்திரையாகவே கிடந்தேன். பிறகு உடம்பு பழகிவிட்டது. றிஸ்வி லீவு முடிந்து கமராவோடு போனான். கறுப்பு வீடியோவை என்ன செய்வது என்று மச்சானிடம் கேட்டானாம். “உன்ட ராத்தாட்டக் கேளு” என்றாராம். என் போனில் போட்டுத் தரச் சொன்னேன்.

மாதங்கள் போயும் மணம் வரவில்லை. கிளினிக்கில் நான் முதல் கேட்டது அடுப்பைத்தான். டொக்டர் யோசித்தார். சமைக்கலாம், தனியாக வேண்டாம் என்றார். பிறகு இவரைப் பார்த்தார்: “நீங்க பக்கத்தில் இருந்து பேச வேணும். சும்மா பேசிக்கிட்டே இருங்க. பதில் வரல்லயா, உடனே அடுப்பை அணைங்க.”

அன்றைக்கே இவர் குசினிக் கொண்டியைக் கழற்றினார். வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்தார். பாவம், என்ன பேசுவது என்று தெரியவில்லை.

“மீன் கழுவிட்டியா?”

“கழுவிட்டன்.”

ஸ்டூலைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார். “உப்பு?”

“போட்டாச்சி.”

மூன்றாவது நாளுக்கு மீன் சமையலில் கேட்க ஒன்றும் மிஞ்சவில்லை. வேறு வழியில்லாமல் ஊர்க்கதை வந்தது. வரிப்பத்தான்சேனையில் ஒருத்தி ஒவ்வொரு நாளும் விலை பேசி, ஏசி, வாங்காமல் அனுப்பிவிட்டு, தெருமுனைக்குப் போன பிறகு திருப்பிக் கூப்பிடுவாளாம். துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவன் பாட்டுப் படிப்பானாம். இத்தனை வருடமாக இவர் எங்கே போய் வந்தார் என்று நான் அறிந்தது குசினியில் வைத்துத்தான். நான் “ஓம்” என்பேன், “மறுகா?” என்பேன். போனில் கிடக்கும் வீடியோவைத் திறக்க எனக்குத் தோன்றவில்லை.

போன கிழமை ஆணத்தில் கிடந்த மரவள்ளித் துண்டு ஒன்றை வெந்ததா என்று வாயில் போட்டேன். கொதி. வாயைத் திறக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பின்னால் அவர், “நாளைக்கி என்ன மீன் கொண்டர?” என்று கேட்டார். பதில் வரவில்லை.

ஸ்டூல் விழுந்த சத்தம் கேட்டது. ஒரு கையால் அடுப்பை அணைத்து, மற்றக் கையால் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். அவர் முகம் எனக்கு நேரே இருந்தது. உதடு வெளுத்து, கண் என் கண்ணுக்குள் யாரையோ தேடிக்கொண்டு. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததேயில்லை. அது அப்படி ஆகும் நேரத்திலெல்லாம் நான் இருந்ததில்லை.

மரவள்ளியைக் கொதிக்கக் கொதிக்க விழுங்கினேன்.

“இரிக்கன்” என்றேன். “இஞ்சதான் இரிக்கன். பாரை கொண்டு வாங்க.”